கடைசிக் காவலுக்கு ஓர் ஆள்

எந்த மூட்டையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். உருப்படியாக எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். மலைமேல் சாமை, புளி, பலா, சீத்தா என்று எது விளைந்தாலும் அதை என் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஒடுகத்தூருக்கோ சந்தவாசலுக்கோ இறக்கிக் கொண்டுபோவது என் பிழைப்பு. வளைவில் வண்டி சாயாமல் இருக்க வேண்டுமானால் கனமான மூட்டைகள் அடியில், என் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். பலாப்பழங்களை ஓரங்களில் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். சீத்தாக் கூடைகளை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கீழே போய்ச் சேர்வது பழம் அல்ல, கூழ்.

அதனால் ஒன்பது ஆட்களை ஒரு மைதானத்தில் நிறுத்தச் சொன்னபோது நான் அசரவில்லை. மூட்டைக்கு வாய் இல்லை என்பதையும், மூட்டைக்கு மாமன் மச்சான் இல்லை என்பதையும் அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

சொன்னவன் ஒடுகத்தூர் மண்டிக்காரரின் மகன். ஆஸ்திரேலியாவில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று வந்திருந்தான். ஒத்தாசை செய்தானோ இல்லையோ, மண்டியில் மூட்டை தூக்கும் ஆட்களையெல்லாம் சேர்த்து அந்த நாட்டு ஃபுட்பால் சொல்லிக் கொடுத்துவிட்டான். நான் புளி இறக்கப் போன ஒரு நாள் என் மடியில் ஒரு பந்தைப் போட்டான். சிவப்பாக, இரண்டு முனையும் கூராக, ஒரு பெரிய பலாக்கொட்டை போல இருந்தது.

“ண்ணா, காணும் பொங்கலுக்கு மலைக்கு வர்றோம். நீங்க ஒரு டீம் ரெடி பண்ணுங்க. ஒரு கை பாத்துரலாம்” என்றான்.

ஆட்ட விதிகளையும் மண்டிக் களத்திலேயே சொன்னான். பந்தை உதைக்கலாம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். எறியக் கூடாது; ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்குத் தர வேண்டும். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப் பிடிக்கலாம். உதைத்த பந்தைத் தரையில் விழுவதற்குள் பிடித்துவிட்டால் யாரும் உன்னைத் தொட முடியாது, நின்று நிதானமாக நீ உதைக்கலாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு, ஓரத்துச் சந்தில் போனால் ஒன்று. அங்கே பதினெட்டுப் பேர் ஆடுவார்களாம். எங்கள் மலையில் அவ்வளவு பேர் நிற்கச் சமதளத்துக்கு எங்கே போவது? ஒன்பதாகச் சுருக்கிக்கொண்டோம். முன்னால் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் மூன்று.

இடங்களுக்கு அவன் ரக், ரோவர் என்று என்னென்னவோ பெயர் சொன்னான். மலைக்கு வந்ததும் நாங்கள் எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். எதிரி முனையில், நடுக் கம்பங்களுக்கு முன்னால் நிற்பவர் மூலவர். அவர் எங்கும் போக வேண்டாம், எல்லாம் அவரைத் தேடி வரும். நம் கம்பங்களுக்கு முன்னால் நிற்பவர் கடைசிக் காவல். எல்லாரையும் தாண்டி வருவதை அவர்தான் தடுத்து, எடுத்து, தூரமாக உதைக்க வேண்டும்.

மூலவர் இடத்தை எனக்கு எடுத்துக்கொண்டேன். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. பந்தைக் கொண்டுவந்தது நான். ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டியும் என்னுடையது.

அறுவடை முடிந்த ஒரு சாமைக் கொல்லைதான் மைதானம். மேல் பக்கம் தூக்கலாகவும் கீழ்ப் பக்கம் தாழ்வாகவும் இருக்கும். வேலையெல்லாம் முடிந்த பிறகு சாயங்காலங்களில் கூடினோம். மலையில் மின்கம்பம் ஏறும் லைன்மேனை நடுவில் நிறுத்தினேன். அவர் கையைத் தூக்கினால் கம்பியே எட்டும், பந்து எட்டாதா. பஸ் கண்டக்டரை அவர் காலடியில் சிதறும் பந்தைப் பொறுக்க வைத்தேன். சந்தை நாளில் மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில், முன் படியிலிருந்து பின் படிவரை யார் காலையும் மிதிக்காமல் போய் வருகிறவர் அவர். புளி உலுக்கும் இரண்டு பேர், ஒரே வம்சத்துப் பங்காளிகள், குதிரை மாதிரி ஓடுவார்கள். ஒருவனை நடு ஓரத்திலும் இன்னொருவனை அதே பக்கத்து முன் ஓரத்திலும் வைத்தேன். கறிக்கடைக்காரரும் தபால்காரரும் பின்னால். கண்டக்டரின் மருமகன் பைக் மெக்கானிக், நல்ல முரட்டு உடம்பு. அவனுக்கும் பின்னால்தான் இடம். இன்னொரு முன் ஓரத்துக்குச் சத்துணவுக் கூடத்துச் சமையல்காரர். என்னோடு சேர்த்து ஒன்பது. ஏற்றி முடித்த வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதுபோல ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஆடிப் பழகத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வண்டி குடைசாய்ந்தது.

லைன்மேன் தட்டிய பந்து நடு ஓரத்துப் பங்காளி கைக்கு வந்தது. அவனுக்கு நேர் முன்னால், யாரும் காவல் இல்லாமல், மற்ற பங்காளி கையை விரித்து நிற்கிறான். இவன் அவனைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். பிறகு பந்தைப் பக்கத்து உண்ணிப் புதருக்குள் உதைத்தான்.

“யோவ், அவன் கையில குடுக்க வேண்டியதுதானே?” என்று கத்தினேன்.

“அவனுக்கா? கொல்ல ஓரத்துல வரப்ப ஒரு மொழம் தள்ளிப் போட்டுக்கினு கீறான், தெரியுமா உனுக்கு?”

“இது ஆட்டம்யா!”

“ஆட்டம்னா இன்னா? இப்போ பந்து என்னுதா இல்லியா?”

புதருக்குள் புகுந்து பந்தை எடுத்து வந்தேன். அடுத்து, பழகுவதற்காக ஆட்களை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே விட்டேன். கண்டக்டர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டியவன் மருமகன். பாய்ந்து வந்தான், இரண்டு கையையும் நீட்டினான், ஓர் அடி தள்ளியே நின்றுவிட்டான்.

“மாமா, பந்த வுட்டுடுங்க மாமா.”

“வுட மாட்டேன் மாப்ள.”

“சரிங்க மாமா” என்று விலகி வழி விட்டான்.

அன்று எங்களைப் பார்க்க மலையேறி வந்திருந்த மண்டிக்காரர் மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்திருப்பேன். பத்திரத்துக்குக் கொடுத்து வைத்த சாவி கண்டக்டர் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் புளி மூட்டை ஏற்றும்போதுதான் புத்தி வந்தது. பலாவையும் பலாவையும் சும்மா ஒட்டி வைத்தால் ஒன்றை ஒன்று குத்தி நசுங்கும். நடுவில் ஒரு மூட்டையைச் செருகினால் இரண்டும் அசையாது. எங்கள் ஊரில் ஒருவன் உங்களுக்குப் பங்காளியாக இருப்பான், இல்லாவிட்டால் மாமன் மச்சானாக இருப்பான். பங்காளிக்கும் பங்காளிக்கும் வரப்பு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, தீராத வழக்கு இருக்கிறது. மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையே கேலியைத் தவிர ஒன்றும் இல்லை. அதனால் ஒரு பங்காளி, அவனுக்கு அடுத்து ஒரு மச்சான், அதற்கப்புறம் அடுத்த பங்காளி என்று மாற்றி மாற்றி நிறுத்தினேன். மருமகனையும் மாமனாரையும் எப்போதும் ஒரே பக்கத்தில் வைத்தேன்.

பந்து பறந்தது. “புடிடா, மாமியார் வூட்டுச் சோத்துல ஒடம்பு வெச்சவனே!” என்று ஒருவன் உதைப்பான். “உங்க அக்கா கையால ஆக்கின சோறுடா அது!” என்று பதில் சொல்லிக்கொண்டே மற்றவன் பிடிப்பான். வாய் ஓயாமல் வம்பு பேசியபடி பந்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பங்காளிகள் இருவரும் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்காமல், நடுவில் லைன்மேன் வழியாகவே விளையாடினார்கள்.

“ண்ணா, ஆஸ்திரேலியாவுல இத எவனும் யோசிச்சிருக்க மாட்டான்” என்றான் மண்டிக்காரர் மகன். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஓட்டை மட்டும் அடைபடவில்லை. கடைசிக் காவல்.

அங்கே நிற்பவன் தனியாக நிற்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மைதானம் முழுக்க அவன் கண்ணில் இருக்க வேண்டும். பதறக் கூடாது, உதைத்தால் நடுவரை போக வேண்டும். கறிக்கடைக்காரரை நிறுத்திப் பார்த்தேன். எதிரி ஓடி வந்த பயத்தில் திரும்பி நின்று எங்கள் கம்பங்களுக்குள்ளேயே உதைத்தார். தபால்காரரை நிறுத்தினேன். நல்ல நிதானம், அந்த நிதானத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் போய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். சமையல்காரர் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த இடத்துக்கு யார் என்று எட்டுப் பேருக்கும் தெரியும். கண்டக்டர் மட்டும் இருமினார். அவருக்கு இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அது என் அண்ணன். பள்ளிக்கூட நாட்களில் மேல் கொல்லையிலிருந்து அவர் பந்தை உதைத்தால் ஓடை தாண்டிக் கீழ்க் கொல்லையில் போய் விழும். இப்போதும் மாட்டை அடித்து ஓட்டுவதில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார், மாடு திரும்பிவிடும். அவரும் நானும் பேசி நாளாகியிருந்தது. ஒரு சாமை அறுவடை போய் அடுத்த அறுவடையும் வந்து போய்விட்டது.

காரணம் என் வீடுதான். ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வைத்துக் கட்டி, குடி போனேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து, நானும் மனைவியும் வாசல் வாசலாக ஏறி அழைத்தோம். அண்ணன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கூடப் பிறந்தவனுக்கு எதற்கு அழைப்பு? அவர்தான் முதல் ஆளாக வந்து நின்று மாவிலை கட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவரோ, ஊரையெல்லாம் அழைத்தவன் என் வாசலை மட்டும் தாண்டிப் போகிறானே என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நான் வரவில்லை என்று அவர் வரவில்லை. அவர் வரவில்லை என்று பிறகு நான் போகவில்லை. என் பக்கம்தான் நியாயம் என்று இன்றைக்கும் எண்ணுகிறேன். அவரும் அப்படியே எண்ணுவார். ஆனால் அந்த வாசப்படியை அண்ணன் மிதிக்காமல் அது எனக்கு வீடாகவே இல்லை. பால் காய்ச்சிய அன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பொங்கல் நெருங்கியது. கடைசிக் காவலுக்கு ஆள் இல்லாமல் நான் சிடுசிடுவென்று வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“இன்னாங்க, எத்தினி பேர அந்த எடத்துல வெச்சு வெச்சுப் பாப்பீங்க? போயி ஒழுங்கா வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடுங்க.”

“வெளையாட்டுக்கு எவனாச்சும் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடுவானா?”

“வூட்டுக்கு வெக்காதவரு இதுக்காச்சும் வெக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலையில் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம். நடுவில் அந்தச் சிவப்புப் பந்து.

“இது இன்னாத்துக்கு?”

“பத்திரிக இல்லியே. வேற இன்னாத்த வெக்கிறது?”

தட்டை அவள் ஏந்தி வர, நான் பின்னால் நடந்தேன். தெருவில் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாருக்குக் கல்யாணம் என்று மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள். போகும் வழியெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தொழுவத்தில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார். என்னிடம் பேசவில்லை. அண்ணி ஓடி வந்து, “வா தம்பி, வாம்மா” என்று எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

“இன்னாத்துக்கு வந்தாங்கன்னு கேளு” என்றார் அண்ணன், அண்ணியிடம்.

அவருக்கும் எனக்கும் இடையே பத்தடி கூட இல்லை. இருந்தாலும் அண்ணி முறைப்படி என் பக்கம் திரும்பினார். “இன்னாத்துக்கு தம்பி?”

“காணும் பொங்கலுக்கு ஒடுகத்தூர்க்காரனுங்களோட ஆட்டம் அண்ணி. ஒரு எடம் காலியா கீது.”

“எந்த எடம்னு கேளு.”

“எந்த எடம் தம்பி?”

“கடைசிக் காவல்.”

“ஏன், முன்னாடி எடம் இல்லியான்னு கேளு.”

அண்ணி திரும்புவதற்குள் நானே சொல்லிவிட்டேன். “முன்னாடி நான் நிக்கிறேன் அண்ணி.”

அண்ணன் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சத்தம் அது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி பின்னாலிருந்து நறுக்கென்று கிள்ளினாள்.

“தட்ட வாங்கினா வர்றேன்னு அர்த்தம்” என்றார் அண்ணி, அவரிடம். “இந்தப் பொண்ணுக்குக் கை வலிக்குது. வாங்கறியா, இல்லியா?”

அண்ணன் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். வாங்கிய கையோடு பந்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“காத்து கம்மியா கீதுன்னு சொல்லு” என்றார்.

அன்று சாயங்காலமே கொல்லைக்கு வந்துவிட்டார். கடைசிக் காவல் அடைபட்டது. சமையல்காரர் நிம்மதியாக ஒதுங்கிக்கொள்ள, அவர் நின்ற முன் ஓரத்துக்குத் தபால்காரரை அனுப்பினேன். அவர் நின்ற பிறகு எதிர்ப்பக்கம் நின்றவர்கள் ஒரு முறைகூட எங்கள் கம்பங்களைப் பார்க்கவில்லை. அவர் உதைத்த பந்து மேலே போய், கொஞ்சம் யோசித்து, நடுவில் லைன்மேன் கையில் பூப்போல இறங்கும். லைன்மேன் எனக்கு உதைப்பார். நான் விடுவேன்.

ஆம், விடுவேன். பந்து என்மேல் என்ன கோபத்தில் இருந்ததோ, மார்பில் பட்டுத் தெறித்தது, விரலில் பட்டு வழுக்கியது. வண்டிக்காரன் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் சொல்வார், அதுவும் லைன்மேனிடம்: “அங்க முன்னாடி நிக்கிறவர மொழங்கையச் சேத்து வெச்சுப் புடிக்கச் சொல்லுங்க.” லைன்மேன் என்னிடம் வந்து, “மொழங்கையச் சேத்து வெச்சுப் புடிக்கணுமாம்” என்பார். நான், “புடிச்சாப் போச்சுன்னு சொல்லுங்க” என்பேன். அவர் திரும்ப நடந்து போய் அதைச் சொல்வார். எதிராளியைத் துரத்தியதை விட எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடித்தான் அவருக்கு மூச்சு வாங்கியது. ஊரில் முறைத்துக்கொள்ளும் பங்காளிகளையெல்லாம் சாமர்த்தியமாக இடம் மாற்றி வைத்தவன், எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் ஒரு தோதான இடம் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தேன். இரண்டு முனையில் இருவரும் நின்றோம். அதைவிடத் தள்ளி நிற்க மைதானத்தில் இடம் இல்லை.

காணும் பொங்கலன்று கொல்லையைச் சுற்றி நல்ல கூட்டம். ஒடுகத்தூர்க்காரர்கள் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். மூட்டை தூக்கி உரமேறிய தோள்கள். ஆனால் சமதளத்தில் பழகியவர்கள். எங்கள் கொல்லையின் சரிவில் பந்து ஒரு பக்கம் ஓட, அவர்கள் மறு பக்கம் ஓடினார்கள். விசில் மண்டிக்காரர் மகன் வாயில். “எங்க ஆளுங்க பக்கம் சாய மாட்டேன்ணா” என்று என்னிடம் தனியாகச் சத்தியம் செய்தான். அவன் சொன்னபடிதான் நடந்தான், அது வேறு எரிச்சல்.

பாதி ஆட்டம் வரை நாங்கள்தான் முன்னால். சரிவில் இறங்கி ஆடினோம், பங்காளிகள் பறந்தார்கள், கண்டக்டர் எல்லோர் கால்களுக்கும் இடையில் புகுந்து புறப்பட்டார். பிறகு பக்கம் மாறியது. ஏற்றத்தில் ஆட வேண்டியிருந்தது. அதற்குள் ஒடுகத்தூர்க்காரர்கள் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். அண்ணன் எப்போதும் லைன்மேனுக்குத்தான் உதைக்கிறார். இரண்டு பேரை லைன்மேன் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையைத் தூக்க முடியாமல் செய்துவிட்டார்கள். பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒருவன். என்னைக் காக்க மட்டும் அவர்கள் யாரையும் வைக்கவில்லை. என் கைகளை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் நாங்கள் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து அண்ணன் கையில். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், லைன்மேனைப் பார்த்தார். எங்கும் ஆள் அடைத்து நின்றது. அவரைப் பிடிக்க ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். மைதானத்தில் காவல் இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான். அவர் கண் என்மேல் வரவில்லை. இந்த ஆட்டத்தில் பந்து வேண்டுமென்றால் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவனை யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். இது மண்டிக்காரர் மகன் முதல் நாளே சொன்னது.

“அண்ணா!” என்று கத்தினேன். “அண்ணா, இங்க! இங்க வுடுண்ணா!”

கொல்லை முழுக்க அது கேட்டது. அண்ணன் நிமிர்ந்து பார்த்து, உதைத்தார்.

அப்படி ஓர் உதையை நான் பார்த்ததில்லை. நடுவில் நின்ற எல்லோர் தலைக்கும் மேலாக, ஓடை தாண்டும் அந்தப் பழைய உதை. பந்து நேராக என்னைத் தேடி வந்தது. முழங்கையைச் சேர்த்து வைத்தேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பந்து கையில் இறங்கியது, இருந்தது, பிறகு நழுவிக் கீழே விழுந்து பக்கவாட்டில் உருண்டு எல்லைக்கு வெளியே போய்விட்டது.

“டேய்!” என்று அந்த முனையிலிருந்து ஒரு சத்தம். “டேய் எரும! கையிலதானேடா போட்டேன்! அதக்கூடவாடா புடிக்கத் தெரியல உனுக்கு?”

லைன்மேன் வழக்கம்போல என்னிடம் சொல்ல ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு, தேவையில்லை என்று புரிந்து நின்றுவிட்டார். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்தது. ஊர் முழுக்கப் பார்க்க என்னை எருமை என்று திட்டிவிட்டார், அவ்வளவு சந்தோஷம்.

“நீ அங்க நிக்காத!” அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். “அது உன் எடமே இல்ல. மெக்கானிக்க முன்னாடி அனுப்பு. நீ பின்னாடி வா. வந்து எங்கூட நில்லு!”

நான் நடந்தேன். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, எல்லோரையும் தாண்டி, இறக்கத்தில். மெக்கானிக் எதிரே ஓடி வந்தான். கண்டக்டர் மறுபடி இருமினார். அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், “பந்து வந்தா நீ தொடாத. வர்றவன மட்டும் நிறுத்து. கத்து. அது நல்லா வரும் உனுக்கு” என்றார்.

கத்தினேன். வளைவுகளில் ஹாரன் வேலை செய்யாதபோது வாயால் வழி கேட்ட தொண்டை இது. ஓடி வந்தவனுக்குக் குறுக்கே நின்றேன். மூட்டையில் மோதியதுபோல மோதி விழுந்தான். அண்ணன் நிதானமாக எடுத்து உதைத்தார். முன்னால் மெக்கானிக் எழும்பிப் பிடித்தான். எதிரே மாமனார் யாரும் இல்லாததால் தயக்கமே இல்லாமல் உதைத்தான். நடுக் கம்பங்களுக்குள் போயிருந்தால் ஆறு, ஜெயித்திருப்போம். பந்து ஓரத்துச் சந்தில் போனது. ஒன்று கிடைத்தது. மண்டிக்காரர் மகன் நீளமாக விசில் ஊதினான். நான்கு புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் என் வீட்டில் சாப்பாடு என்று மனைவி ஏற்பாடு செய்திருந்தாள். இரண்டு அணியும் வியர்வை நாற்றத்தோடு உள்ளே போய்விட்டன. அண்ணன் கால் கழுவிக்கொண்டு வாசப்படியில் நின்றார். புது வீட்டு நிலையைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த மாவிலையைப் பார்த்தார். பொங்கலுக்கு நான் கட்டியது, கொஞ்சம் கோணலாக இருந்தது. கையை உயர்த்தி அதை நேராக்கினார்.

“உள்ள வாண்ணா” என்றேன்.

வலது காலை வைத்து உள்ளே வந்தார். கூடத்தை ஒரு சுற்று பார்த்தார்.

“சரி, எல்லாரையும் எடம் பாத்து நிறுத்தறவனாச்சே நீ. எனுக்கு எந்த எடம்?”

“நீயே பாத்து ஒக்காருண்ணா” என்றேன்.

சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி, சமையல்கட்டும் மாடிப்படியும் ஒன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். இலையை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன்.